இரண்டு பூஜ்ஜியம்

ஜூன் 9

சாப்ட்வேரின் புதுப் பதிப்பு என்று ஆசைகாட்டி இறக்க வைத்தார்கள். இப்போது ஹாம் ரேடியோ போட்டியில் யார் யாரோடு பேசினேன் என்று பதியும் அதற்கு என் ரேடியோவையே அடையாளம் தெரியவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. பகலெல்லாம் அடுத்தவர் லிப்டுகளைப் பழுதுபார்த்து ஏற்றி இறக்குகிறவன் நான். வீட்டில் ஒரு பெட்டியை அசைக்க முடியவில்லை.

ஜூன் 12

தீவுக்காரரிடமிருந்து இன்றும் மெயில் இல்லை. எங்கோ ஒரு தீவிலிருந்து பல வருஷமாக ரேடியோப் போட்டிகளில் சந்திக்கும் சிநேகிதம். மோர்ஸ் ஒலியைத் தவிர அவர் குரலைக்கூடக் கேட்டதில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து எழுதினார், போட்டியில் என்னைத் தேடு என்று. மனசு கெட்டதையே நினைக்கிறது. ரேடியோவில் அவருக்குப் பெயரான அந்தக் கால்சைன் காதில் விழுந்தால் போதும், போட்டியில் கடைசியாக வந்தாலும் சரி.

ஜூன் 14

போட்டியில் அப்படி என்னதான் பேசிக்கொள்வீர்கள் என்று மனைவி கேட்டாள். கால்சைன், வயது, நன்றி. அவ்வளவுதான். பெண்கள் மட்டும் வயதுக்குப் பதில் இரண்டு பூஜ்ஜியம் அனுப்பலாம் என்றேன்.

"பரவாயில்லையே, உங்க கூட்டத்துலயும் விவரமான ஆள் ஒருத்தர் இருந்திருக்காரு."

சாப்ட்வேர் ரேடியோவைக் கண்டுகொண்டது. எப்படி என்று கேட்டால் எனக்கே தெரியாது. புது வசதி ஒன்று: கால்சைனை அடித்தால் போன வருஷ வயதோடு ஒன்றைக் கூட்டித் தானே நிரப்பிவிடுகிறது. முதல் தடவையாக அதைப் பாராட்டினேன்.

ஜூன் 16

போட்டி நாள். சனியன் சாப்ட்வேர் இரண்டு தடவை உறைந்து நின்றது. மீண்டு வந்த கையோடு — தீவுக்காரர்! அதே கால்சைன். மோர்ஸ் தட்டும் கை கொஞ்சம் தடுமாறுகிறது. உடம்பு முடியாதவர், பின்னே? கால்சைனை அடித்தேன், வயது 77 என்று கட்டம் தானே நிரம்பியது, என்டர். மறுபடி உறைந்து தொலைக்குமோ என்ற பயத்தில் நன்றி அனுப்பிவிட்டு அடுத்தவரிடம் ஓடினேன். மனுஷர் இருக்கிறார்! சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். இப்படி நீங்கள் சிரித்தே நாளாயிற்று என்றாள் மனைவி.

ஜூன் 17

அவருக்கு மெயில் போட்டேன்: 'கை தள்ளாடுகிறதே கிழவரே, பழக வேண்டாமா?' பதில் இல்லை. களைத்திருப்பார்.

ஆகஸ்ட் 30

போட்டிக் குழு எல்லாருடைய பதிவுகளையும் ஒப்பிட்டுத் தப்புகளை அனுப்பியிருக்கிறது. நிரம்பிய வயதையே நம்பித் தட்டியதில் எக்கச்சக்கம். ஒவ்வொன்றுக்கும் சாப்ட்வேரைத் திட்டிக்கொண்டே வந்தேன். தீவுக்காரர் வரி. நான் பதிந்தது 77. அங்கிருந்து அனுப்பியது 00.

தட்டுனது வேற ஆளோட கை. காதுல விழுந்துச்சே — விழுந்தும் ஏன் புரியல? அங்க ஒரு பொண்ணு உட்கார்ந்து தட்டியிருக்கு, நான் பாட்டுக்கு நன்றின்னுட்டு ஓடியிருக்கேன். அந்தக் கிண்டல் மெயில் வேற. ஐயோ.

அவர் எங்கே என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் என்னவென்று தெரிந்தேதான்.

செப்டம்பர் 2

தீவுக்காரரின் மகள் எழுதியிருக்கிறாள். அப்பா மே மாதமே போய்விட்டாராம். 'அவனுக்கு மெயிலில் சொல்ல வேண்டாம், என் ரேடியோவில் என் கால்சைனிலேயே சொல், பூஜ்ஜியம் வந்தால் அவனுக்குப் புரியும்' என்று அவளிடம் சொல்லிவைத்தாராம். அவள் அந்தப் பூஜ்ஜியங்களை இரண்டு தடவை அனுப்பியிருக்கிறாள். என் கிண்டலுக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் இருந்துவிட்டாளாம். 'நீங்கள் அவசரத்தில் இருந்தீர்கள் போல.' கோபித்துக்கூடக் கொள்ளவில்லை, அதுதான் தாங்கவில்லை.

மனைவி படித்தாள். பிறகு, "அவர் இருக்காருன்னு நீங்க சிரிச்சீங்களே, அதை அந்தப் பொண்ணுக்கு எழுதுங்க" என்றாள்.

எழுதினேன்.

ஜூன் 15

ஒரு வருஷம் கழித்து மறுபடி அந்தப் போட்டி. நிரப்பும் வசதியை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பிடித்த ஆட்களின் எண்ணிக்கை படுத்துவிட்டது, போகட்டும்.

சாயங்காலம் தீவுக்காரர் கால்சைன் வந்தது. அவள் கை இப்போது தடுமாறவில்லை. கட்டம் காலியாக இருந்தது. கடைசிவரை கேட்டுவிட்டு இரண்டு பூஜ்ஜியத்தையும் நானே அடித்தேன். இந்தத் தடவை நன்றி அனுப்பிவிட்டு ஓட மனசில்லை. அவள் காத்திருந்தாள்.