யாருக்கு வழி விடுகிறேன்?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? உடம்பு இளைக்க இரைப்பையைச் சுருக்கிய ஆபரேஷன் தையல் எனக்கு நன்றாக ஆறிவிட்டது. பாதி உடம்புதான் மிச்சம், கவலைப்படாதீர்கள்.

நேற்று ஒரு வேடிக்கை. கிடங்கில் அலமாரிகளுக்கு நடுவே, பழைய நினைப்பில் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தேன். "யாருக்குண்ணே வழி விடுறீங்க?" என்று சுமை தூக்குபவர் சிரித்தார். திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

மத்தியானம் எல்லோரும் கூடிச் சாப்பிடும்போது, நான் நாலு வாய் சோற்றோடு எழுந்து வாசலில் போய் நிற்கிறேன்.

என் பழைய சட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம், இப்போதெல்லாம் போனில் "தம்பி" என்கிறீர்கள். பழையபடி "டேய் தடியா" என்றே கூப்பிடுங்கள். இங்கே அப்படிக் கூப்பிட ஆளில்லை.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
தடியன்