உப்பு அதிமதுரம்

கெமி,
9 பிப்ரவரி 1998

அன்புள்ள மைரே அக்காவுக்கு,

நாட்காட்டியில் என் பெயர் வரும் நாளுக்கு நீ அனுப்பிய உப்பு அதிமதுர மிட்டாய் டப்பா வந்தது. மறு வாரமே பனியில் சறுக்கி இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். வலது கை தப்பியதால் உனக்கு இந்தக் கடிதம்.

ஒரு அதிசயத்தைக் கேள். கட்டுப் போட்ட டாக்டரம்மா இரத்த அழுத்தத்தையும் பார்த்தார். பார்த்ததும், "அதிமதுர மிட்டாய் நெறைய திம்பீங்களோ?" என்றார். என் கையைப் பிடித்தே டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார்! அது அழுத்தத்தை ஏற்றுமாம். அழுத்தம் ஏறிய பெண்களுக்குச் சிறுநீரோடு எலும்பின் சுண்ணாம்புச் சத்தும் கூடுதலாகப் போய்விடுவதுண்டாம்.

இனிமேல் மிட்டாய் அனுப்பாதே, அக்கா.

உன் தங்கை,
ஔனே

துர்க்கு,
16 பிப்ரவரி

ஔனே,

கை சீக்கிரம் குணமாகட்டும்.

அப்பாவின் ஏரிக்கரை வீட்டை நான் விற்றதிலிருந்து ஏழு வருடமாக நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. டப்பாவையாவது வாங்கிக்கொண்டிருந்தாய். இப்போது அதுவும் வேண்டாம். நேராகச் சொல்லாமல் இரத்தத்தையும் எலும்பையும் ஏன் இழுக்கிறாய்? ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம்? சரி, இனி எதுவும் வராது.

மைரே

கெமி,
24 பிப்ரவரி

அக்கா,

கோபித்துக்கொள். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

டாக்டரம்மா என் எலும்பின் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். அது வெறும் கல் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். உயிரோடு இருக்கிறதாம். தினமும் கொஞ்சம் கரைந்து, தினமும் கொஞ்சம் கட்டிக்கொள்கிறதாம். இரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் எலும்பு தன்னைக் கரைத்துக் கொடுக்குமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அடுப்படியில் பாத்திரம் கழுவும்போதும் உள்ளே இத்தனை நடக்கிறதே!

மிட்டாயை நிறுத்தினேன். அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஏன் அவ்வளவு தின்றேன் தெரியுமா? தினமும் சாயங்காலம் காப்பிக்குப் பிறகு ஒன்றை வாயில் போட்டால் நீ எதிரே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அப்படியே ஒன்று நாலாகும். எனக்கு வேண்டாதது மிட்டாய் மட்டும்தான். நீ போய் உன் அழுத்தத்தைப் பார். நம் இருவருக்கும் அம்மாவின் எலும்புதான்.

ஔனே

துர்க்கு,
12 மார்ச்

என் ஔனேவுக்கு,

உன் வாதத்தைப் பொய்யாக்கத்தான் சுகாதார நிலையத்துக்குப் போனேன். செவிலி அழுத்தத்தை இரண்டு தடவை அளந்தாள்; ஏறித்தான் இருந்தது. "இடுப்பு ஒடையறதுக்கு முன்னாடியே வந்தீங்களே, நல்லவேளை" என்றாள். எலும்பையும் படம் எடுத்தார்கள். மெலிந்திருக்கிறது. ஆனாலும் எவ்வளவு அழகு, ஔனே! இத்தனை வயதில் என் உடம்பைப் பார்த்து நான் வியந்தது இதுதான் முதல் தடவை.

உனக்குச் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டு டப்பா வாங்குவேன். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. நானும் காப்பிக்குப் பிறகுதான் தின்றேன்.

வீட்டை உன்னிடம் கேட்காமல் விற்றது தப்புதான். அதை நேரில் பேசலாம்.

டப்பா வருகிறது, பயப்படாதே. உள்ளே இருப்பது பனியில் சறுக்காமல் இருக்கக் காலணியில் மாட்டும் முள். இரண்டு ஜோடி. பெரியது என்னுடையது, நான் வரும் வரை கதவுப் பக்கம் மாட்டி வை.

உன் அக்கா,
மைரே