கால்வாயில் வராத நீலம்

சிவாஜிநகர், பெங்களூர்
9 அக்டோபர் 2005

அன்புள்ள மௌரீன் அக்காவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல நோயல் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் மூவரும் சளியோடு சுகம், மஸ்கட்டில் நீயும் அத்தானும் பாப்பாவும் சளியில்லாமல் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

ஆழ்ந்த துக்கத்துடன் அறிவிப்பது என்னவென்றால், அப்பாவின் மூக்குக்கண்ணாடி, வயது ஒன்பது, நேற்றுக் காலை பொம்மனஹள்ளியில் நம் புது வீட்டு வாசலில் தேங்கிய மழைத்தண்ணீரில் விழுந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தது. கூடவே விழுந்த அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். எழுத்து எனதானது அதனால்தான். இது தானாகத் தேங்கிய தண்ணீர் இல்லை, தேக்கிய தண்ணீர் என்கிறார் அப்பா. நமக்குக் கீழ்ப்பக்கம் அடுக்குமாடி கட்டுகிற சீனிவாசராகவன், இரண்டு வாசலையும் ஒட்டி ஓடும் மழைக்கால்வாய் மேல் கல் பலகை போட்டு மூடியிருக்கிறார், அடியில் அகலத்தைக் குறைத்துவிட்டார் என்று சந்தேகம். கட்டுகிறவர்கள் மழைக்கால்வாயைக் குறுக்கக் கூடாது, அவரவர் கூரைத் தண்ணீருக்கு அவரவர் மனையிலேயே குழி எடுக்க வேண்டும் என்பது விதி. அப்பா அம்மாவின் தையல் டேப்போடு அளக்கப் போனபோது அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "டேப் எதுக்கு சார், பலகையையே தூக்கிக் காட்டறேன், பன்னி" என்று கன்னடத்தில் 'வாங்க' போட்டுக் கூப்பிட்டாராம். குற்றமில்லாதவன் இவ்வளவு மரியாதையாகப் பேசுவானா என்று கேட்கிறார் அப்பா. அந்த மனிதர் கொடுத்தனுப்பிய பூஜை லட்டை அம்மா நாலாகப் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தின்றாள்.

வரும் 24ஆம் தேதி நகரசபை இன்ஜினியர் பார்வையிட வருகிறார். வாசலில் குளம் இருந்தால் வீடு முடிந்த சான்றிதழ் கிடைக்காது, அது இல்லாமல் கரண்ட் இல்லை, இந்த வாடகை வீட்டையோ டிசம்பர் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நீ பாப்பாவோடு எங்கே வந்து இறங்குவாய் என்று அம்மாவுக்குத் தூக்கமில்லை. கவலைப்படாதே, துப்புத் துலக்கியாகிவிட்டது. துலக்கியவன் அடியேன். புதன்கிழமை நம் மொட்டைமாடிக் குழாயில் சொட்டு நீலம் ஒரு பாட்டில் முழுக்க ஊற்றி, நாலு வாளித் தண்ணீர் விட்டு, கீழே ஓடி, கால்வாய் ஏரியில் போய் விழும் முனையில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஒரு சொட்டு நீலம் வரவில்லை. அடைப்பு நிரூபணம். அப்பா என் தோளைத் தட்டி, "படிப்புல இல்லாத மூளை இதுலயாவது இருக்கே" என்றார். மறுநாளே, சீனிவாசராகவனின் கட்டட வேலையை நிறுத்தச் சொல்லி நகரசபைக்கு மனு போனது.

இதுவரை நேற்று எழுதியது, இன்று திங்கள். அப்பா கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார். அக்கா, காலையில் இன்னொரு சோதனை செய்து பெயரை நிலைநாட்டலாம் என்று பொம்மனஹள்ளி போனேன். நம் மழைக்குழியின் மூடியைத் திறந்தால் உள்ளே ஜல்லி முழுக்க நீலம். கூரைக் குழாய் விதிப்படி குழிக்குத்தான் போகிறது, கால்வாய்க்கே போகாது. இது கொத்தனாருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. பிறகு நம் வாசல் முன் கால்வாயை மூடிய பலகையைத் தூக்கினேன். மேஸ்திரி போன மாதமே ஓரம் கட்டச் சொன்ன நம் மணல் கால்வாய்க்குள் சரிந்து அடைத்திருந்தது. ஓரம் கட்ட வேண்டியவன் நான், அன்று கிரிக்கெட் மேட்ச். மதியம் வரை வாரி வெளியே போட்டேன். மண்வெட்டி கொடுத்தது சீனிவாசராகவன், எதற்கென்று கேட்கவில்லை. தண்ணீர் அவர் பலகைக்கு அடியில் தடையில்லாமல் ஓடியது. அவர் வேலை நின்றால் பதினாறு கொத்தனார்கள் வீட்டில் உட்கார வேண்டும்.

நான் சொன்னால் அப்பா அடிப்பார், நீ சொன்னால் கேட்பார். கடிதம் கிடைத்த அன்றே மறக்காமல் போன் செய்து மனுவை வாபஸ் வாங்கச் சொல். அப்பாவும் அம்மாவும் உங்கள் மூவருக்கும் ஆசீர்வாதம் அனுப்புகிறார்கள், அதில் கொஞ்சம் எனக்குத் திருப்பி அனுப்பு.

இப்படிக்கு,
மனுவில் கண்கண்ட சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட உன் தம்பி
நோயல்