கிழக்கு பார்த்து நின்ற கார்

என் அன்புள்ள ஜமீலா லாத்தாவுக்கு,

அல்லாஹ் உன் கபரை விசாலமாக்கட்டும். இந்தத் துஆவை முதலிலேயே செய்துவிடுகிறேன். கோபத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், திட்டுகிற வேகத்தில் மறந்துபோகக்கூடாது பார்.

நீ மண்ணுக்குள் போன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. அக்காவும் தம்பியுமாக நாம் இரண்டு பேரும் நடத்திய சுக்குக் கடையை இப்போது நான் ஒருவனே நடத்துகிறேன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வழக்கம்போலத் தண்ணீர் ஏறுகிறது, மூட்டைகளுக்கு அடியில் பலகை போட்டு வைத்திருக்கிறோம். அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எழுத ஆசைதான். சாப்பிடுகிறாள், தொழுகிறாள், அவ்வளவுதான். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசல்வரை வருவாள். உறை போட்டு நிற்கிற உன் காரைப் பார்ப்பாள். உள்ளே போய்விடுவாள். ஒரு நாளாவது 'என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதில் உட்காரவை' என்று கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

போன வாரம் மச்சான் அந்தக் காரை எனக்குத் தெரியாமல் தோப்பும்படியில் ஒரு கார் ஸ்டீரியோ கடைக்குக் கொண்டுபோய்விட்டார். உன் வீட்டுக்காரரைப் பற்றி உன்னிடமே குறை சொல்கிறேன், மன்னித்துக்கொள். வண்டியை விற்கப்போகிறாராம். பழைய கேசட் ஸ்டீரியோவோடு விற்றால் யாரும் சீண்டமாட்டார்களாம், அதைப் பிடுங்கிவிட்டுப் பெரிய ஸ்க்ரீன் வைத்தால் நல்ல விலைக்குப் போகுமாம். கேட்டதும் எனக்குத் தலை சூடாகிவிட்டது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓர் ஆட்டோவில் ஏறிப் போனேன்.

அந்த ஸ்டீரியோவுக்காக நீ எப்படிச் சண்டை போட்டாய் என்று அவருக்கு மறந்துவிட்டதா? அம்மா தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். மீன் வாங்கவும் பஸ் ஏறவும் போதுமான மலையாளத்துக்கு மேல் அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. எஃப்எம்மைத் திருப்பினால் எல்லாம் மலையாளம். வீட்டு டிவி எப்போதும் பிள்ளைகள் கையில், அதோடு அவளுக்குக் கண்ணும் சரியில்லை. அந்தச் சமயத்தில்தான் சாட்டிலைட் ரேடியோ என்று ஒன்று வந்தது, அதில் இரவும் பகலும் தமிழ்ப் பாட்டு. வீட்டில் வைத்தால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள், காரில்தான் வைக்கவேண்டும் என்று நீ பிடிவாதமாக நின்றாய்.

எந்தக் கடைக்காரனும் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி ஸ்டீரியோவில் வெளி வயர் சொருக இடமே கிடையாது, அதைக் கழற்றிவிட்டு வேறு வையுங்கள் என்றார்கள். கம்பெனி வைத்துக் கொடுத்ததைத் தொடக்கூடாது என்றாய் நீ. கடைசியில் கேசட் மாதிரியே ஒன்று கிடைத்தது. அதன் வாலில் ஒரு வயர். கேசட்டை ஸ்டீரியோவின் வாயில் தள்ளி, வயரை சீட்டுக்கடியில் இருந்த ரேடியோப் பெட்டியில் சொருகினால் பாட்டு வரும். உள்ளங்கை அகல ஆன்டெனா ஒன்றை டாஷ்போர்டின் மேல் ஒட்டிவைத்தாய்.

ஆனால் அந்த ஆன்டெனா கிழக்கு வானத்தைப் பார்த்தபடி ஆடாமல் இருக்கவேண்டும். வண்டி நகர்ந்தால் பாட்டு அறுந்துவிடும். ஓடுகிற காரில் பாடாத ரேடியோவை இந்தக் கொச்சியில் உன்னைத் தவிர வேறு யார் வைத்திருப்பார்கள்? நம் கிடங்குக்கும் பக்கத்துக் கிடங்குக்கும் நடுவே, காயல் தெரிகிற அந்தச் சந்தில் மூக்கை நுழைத்து நிறுத்துவாய். அஸர் முடிந்ததிலிருந்து பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்கிற வரை நீயும் அம்மாவும் முன்சீட்டில். தொழுவதற்கு மேற்கே, பாட்டுக்குக் கிழக்கே என்று நான் கேலி செய்வேன், அம்மா சிரிப்பாள்.

யாராவது வந்து கண்ணாடியைத் தட்டினால் கையை மட்டும் தூக்குவாய். "அனக்காதேடா. அனக்கினா போயிடும்." நாங்களும் அசைத்தால் பாட்டு போய்விடும் என்று கதவில்கூடச் சாயாமல் திரும்பிப் போவோம்.

சரி, தோப்பும்படிக் கதைக்கு வருகிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரன் ஷிஜு டாஷ்போர்டின் முகப்பைக் கழற்றிவிட்டான்.

"கைய எடு. யாரைக் கேட்டுத் தொறந்தே?" என்றேன்.

"உங்க அளியன் சொல்லியல்லே தொறந்தேன், இக்கா. இந்தப் பழைய சாதனம் இனி எதுக்கு? ஸ்க்ரீன் வெச்சா ரிவர்ஸ் கேமராவும் கிட்டும்."

"எனக்குப் பின்னால பாக்க கழுத்து இருக்கு. இதுல எங்க லாத்தா வெச்ச சாட்டிலைட் ரேடியோ ஓடுது. ஒரு வயர் அறுந்தா உன்னை விடமாட்டேன்."

அவன் சிரித்தான். சீட்டுக்கடியில் கையை விட்டுப் பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தான். "இதோ உங்க சாட்டிலைட். இதுக்கு கரண்டே வரல்லே, இக்கா. ஒயர வெட்டிச் சுத்தி வெச்சிருக்கு. நான் வெட்டினதல்ல, நோக்குங்க, வெட்டின எடத்துல செம்பு பச்சை பிடிச்சிருக்கு."

அது உண்மைதான். பாசி மாதிரிப் பச்சை. பல வருடத்துப் பச்சை.

கேசட்டின் வயரை அவன் விரலால் தொட்டுக்கொண்டே போனான். அது பெட்டிக்குப் போகவில்லை. காரின் தரைப்பாய்க்கு அடியில் புகுந்து, டாஷ்போர்டின் இடதுபக்க அறைக்குப் பின்னால் ஏறி, ஒரு தீப்பெட்டி அளவுச் சாமானில் முடிந்தது. ப்ளூடூத். "பாட்டு வந்தது இதிலேர்ந்தாக்கும். உங்க லாத்தாவோட ஃபோன்லேர்ந்து," என்றான். "வண்டி ஓடினாலும் பாடும், நின்னாலும் பாடும். கிழக்கும் வேண்டா, மேற்கும் வேண்டா."

லாத்தா, நீ உயிரோடு இருந்திருந்தால் அங்கிருந்தே போன் செய்து கத்தியிருப்பேன்.

அந்தச் சந்தில்தான் நம் லாரி பின்னால் வந்து சரக்கு இறக்கவேண்டும் என்று உனக்குத் தெரியாதா? உனக்காக எத்தனை டிரைவர்களை ரோட்டிலேயே காக்கவைத்தேன்? மூட்டை இறக்க வந்த சுமட்டுக்காரர்கள் கூடிநின்று முறைப்பார்கள். தேனியிலிருந்து வந்த ஒரு டிரைவர், "என்ன பாய், கார்ல படமா ஓடுது?" என்று கேட்டதற்கு அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். எதற்காக? செத்துப்போன ஒரு பெட்டிக்காக.

அந்த ரேடியோக் கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேசியபோது உன்னிடம் ஓடிவந்து கேட்டேன். "அது வேற கம்பெனிடா," என்றாய், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். நானும் நம்பினேன். முன்பெல்லாம் பெருமழை பெய்தால் பாட்டு விட்டுவிட்டு வரும். பிறகு எந்த மழையிலும் கணீரென்று வந்தது. அதையும் புது கம்பெனியின் தரம் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒருமுறை வெயிலில் பசை விட்டு ஆன்டெனா விழுந்துவிட்டதே, அது நினைவிருக்கிறதா? போனில் திசைகாட்டியை வைத்துப் பார்த்து, வியர்க்க வியர்க்க நான்தான் திரும்ப ஒட்டினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்டா," என்றாய். ஒட்டி முடித்ததும், "ஆங், இப்பத்தான் தெளிவா கேக்குது," என்றாய். அந்த வலப்பக்கத்தை மறுமையிலும் மன்னிக்கமாட்டேன்.

ஏன் லாத்தா? யாருக்கும் தெரியாமல் எந்தக் கடையில் போய் இதை மாற்றினாய்? ஓடிக்கொண்டே பாடும் ரேடியோ கிடைத்த பிறகும் காரை ஏன் அந்தச் சந்திலேயே கட்டிப்போட்டாய்?

ஷிஜுவின் கடை வாசலில் நின்றபடி மச்சானைக் கூப்பிட்டுக் கத்தினேன். உங்கள் பெண்டாட்டி நம் எல்லோரையும் இத்தனை வருடம் முட்டாளாக்கியிருக்கிறாள் என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார். "வீட்டுல இருந்தா நான் கூப்பிடுவேன், பிள்ளைங்க கூப்பிடும். கடையில இருந்தா நீ கூப்பிடுவே. அந்த நேரத்துல போன்கூட எடுக்கமாட்டா, ஓர்மையில்லையா? சிக்னல் போயிடும்னு என்கிட்டேயும்தான் சொன்னா." பிறகு அவரே சொன்னார். "வண்டிய விக்கவேண்டாம். பழையபடியே எல்லாம் மாட்டச் சொல்லு."

இதைக் கேட்டு என் கோபம் அடங்கியிருக்கவேண்டும். இரண்டு மடங்காகிவிட்டது. அம்மாவோடு உட்கார எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும் என்று உனக்கு வாய்விட்டுக் கேட்கத் தெரியாதா? கேட்டிருந்தால் நாங்கள் கொடுத்திருக்கமாட்டோமா? கொடுத்திருப்போம் லாத்தா. இரண்டு நாள் கொடுத்திருப்போம். மூன்றாம் நாள் லாரி வந்துவிட்டது, வண்டியை எடு என்று நானே முதலில் வந்து தட்டியிருப்பேன். ஒரு மனுஷி தன் தாயோடு உட்கார ஆகாயத்திலிருந்து சாக்கு கொண்டுவரவேண்டியிருந்ததே, என்ன வீடு நம்முடையது? என்ன ஆட்கள் நாங்கள்?

ஆனாலும் உன் பொய்யை விட்டுவைக்க எனக்கு மனமில்லை. அம்மாவையாவது இனி யாரும் ஏமாற்றக்கூடாது என்று நினைத்தேன். ஷிஜு எல்லாவற்றையும் மாட்டிக்கொடுத்தான். கேசட்டோடு என் போனை இணைத்து, நீ போடுகிற மாதிரிப் பழைய பாட்டுகளைத் தேடி வைத்தேன். மறுநாள் அஸருக்குப் பிறகு காரைப் பழையபடி சந்தில் நிறுத்திவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்சீட்டில் உட்காரவைத்தேன். அவள் ஆன்டெனாவைத் தடவிப் பார்த்தாள். பாட்டு தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் ரிவர்ஸ் எடுத்தேன்.

சந்தைவிட்டு வெளியே வந்து, பஜார் ரோட்டில் திரும்பி, கோட்டைக் கடற்கரைப் பக்கம் ஓட்டினேன். பாட்டு நிற்கவே இல்லை. குழியில் இறங்கி ஏறியபோதும் நிற்கவில்லை. அம்மா திடுக்கிடுவாள், 'இதெப்படிடா ஓடுற வண்டியில பாடுது' என்று கேட்பாள், நான் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"எங்கேடா போறே?" என்றாள்.

"சும்மா ஒரு ரவுண்டும்மா. பாட்டு நிக்கலே, பாத்தியா?"

அம்மா கண்ணைத் திறந்தாள். எதிரே வருகிற ரோட்டைப் பார்த்தபடி, அந்தப் பாட்டுக்கு நடுவிலேயே சொன்னாள். "திருப்பிக் கொண்டு போய் அங்கேயே நிறுத்து. அனக்கினா போயிடும்."

பாட்டு அடுத்த சரணத்துக்குப் போய்விட்டது, அவள் அதோடு சேர்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வண்டியைத் திருப்பினேன்.

அப்படியானால் அவளுக்கு எப்போது தெரியும்? அந்தச் செம்பு பச்சை பிடிப்பதற்கு முன்பேயா? உன்னிடம் அவள் கேட்டாளா, நீ சொன்னாயா, அல்லது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் அந்தக் காயலைப் பார்த்து உட்கார்ந்தே பேசிமுடித்துவிட்டீர்களா? அம்மாவிடம் கேட்கமாட்டேன். உன்னிடம் கேட்கமுடியாது. இந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

சந்தில் ஒரு லாரி நின்றது. இறங்கிப் போய், மஃரிப் வரை ரோட்டில் போடு என்றேன். டிரைவர் எகிறினான், நானும் எகிறினேன். கடைசியில் எடுத்தான். காரின் மூக்கை நுழைத்துக் கிழக்கு பார்த்து நிறுத்தினேன். காயலில் படகு போய்க்கொண்டிருந்தது. அம்மா முக்காட்டைத் தோளில் தளர்த்திவிட்டுக்கொண்டாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

பாட்டு சட்டென்று நின்றது. என் போன் அடித்தது, ஆலப்புழைப் பார்ட்டி. உனக்குத் தெரியுமே, எடுக்காவிட்டால் கடைக்கே வந்து நிற்கிற ஆள். அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். போனை வெட்டிவிட்டேன். பாட்டு விட்ட இடத்திலிருந்து வந்தது.

கொஞ்ச நேரத்தில் கடைப்பையன் கண்ணாடியைத் தட்டினான். "முதலாளி, ஆலப்புழைக்காரர் வந்திருக்கார். அவசரம்னு சொல்றார்." என் கை தானாக மேலே போனது.

"அனக்காதே," என்றேன். "அனக்கினா போயிடும்."

லாத்தா, அந்தச் சந்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன், இது சத்தியம். ஆன்டெனாவின் பசை விட்டால் திரும்ப ஒட்டுவேன், திசைகாட்டி பார்த்தே ஒட்டுவேன், இன்னும் கொஞ்சம் வலப்பக்கமாக. அம்மா இருக்கிறவரை அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் என் போனை எடுக்கமாட்டேன். நம் பிள்ளைகள் யாராவது வந்து கேட்டால் அது வேற கம்பெனி என்று சொல்லிவிடுகிறேன்.

உன்மேல் இன்னும் கோபமாகவே இருக்கிற,
உன் ஒரே தம்பி,
ஹனீபா