படிக்காமல் விட்ட பன்னிரண்டாம் பக்கம்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கச்சான் காற்று, மேற்கிலிருந்து. கூடமெல்லாம் மணல். இரண்டு முறை பெருக்கியும் போகவில்லை.

காலையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். வாசலில் தண்ணீர்க் குடம் வைத்தேன். செசிலி இருந்தால் எலுமிச்சம்பழம் பிழிந்திருப்பாள். வெறும் தண்ணீர்தான். குடித்தார்கள்.

1.30க்குப் போன். ரீட்டா. எடுக்கவில்லை. முழுதாக அடித்து நின்றது. ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் இதேதான். பெற்ற தாயை மண்ணில் வைக்க வராத மகளிடம் எனக்குப் பேச்சில்லை. இடையில் குளிர்காலம் ஐந்து மாதம் 2.30க்கு அடித்தாள். சாவகாசமாகத் தூங்கி எழுந்து. அதையும் இந்த நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

செய்ய வேண்டியவை:
செசிலிக்கு வருஷப் பூசை, 27 புதன், மாலை 6. பங்குச் சாமியாரிடம் நேரில் போய்ச் சொல்ல.
கல்லறைக்கு வெள்ளை அடிக்க.
மின்விசிறி கண்டன்சர்.

ஆகஸ்ட் 18, திங்கள்

செல்வமணி வந்தார். படகுக்காரர். துறைமுகத்து ஐஸ் ஆலையில் நான் மெக்கானிக்காக இருந்த முப்பது வருஷமும் எங்களிடம்தான் ஐஸ் எடுத்தார். கடைக்குட்டி கயல்விழி சனிக்கிழமை பிரான்சுக்குப் படிக்கப் போகிறாளாம். ரீட்டா இருக்கும் நாடு. அதை அவர் சொல்லவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

கையில் சுருட்டிய தாள்கள். தமிழில் டைப் அடித்து ஜெராக்ஸ் எடுத்தது, பதினான்கு பக்கம். தலைப்பு: வெளிநாட்டில் படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. எழுதியவர் பேர் போடவில்லை.

"கயலு படிச்சுக் காட்டுறேங்குதுண்ணே. அது வேண்டாதத விட்டுட்டுல்ல படிக்கும். நான் பயந்துருவேன்னு. நீங்க படிங்க. நீங்க ஒண்ணையும் விடமாட்டீங்க."

உண்மைதான். எட்டாவதோடு நின்றவன் நான். கம்பிரஸர் புத்தகத்தை இங்கிலீஷ் அகராதியை வைத்துக்கொண்டு தனியாகப் படித்தேன். ஒரு வரி தாண்டியதில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

என் நிபந்தனை: ஒரு நாளைக்கு நாலு பக்கம். நடுவில் பேசக்கூடாது. செ.மணியால் பேசாமல் இருக்க முடியவில்லை.

இன்று 1 முதல் 4. பிறப்புச் சான்றை அங்கே ஒப்புக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளரிடம்தான் மொழிபெயர்க்க வேண்டும். மாத்திரை கொண்டுபோனால் டாக்டர் சீட்டோடு. அறைக் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், குப்பை கொட்டப் போனாலும் சாவி கையில் இருக்கட்டும். அடுப்புக்கு மேலே புகை மணி உண்டு, மிளகாய் வறுத்தால் அலறும், கட்டிடமே கீழே இறங்கி நிற்கும்.

"அப்ப கருவாடு வறுத்தா?"

"தீயணைப்பு வண்டி வரும்."

"கருவாட்டு வாசனைக்கு வண்டி விடுறாங்கன்னா நல்ல ஊருதாண்ணே அது."

சிரித்துவிட்டேன். வெகு நாளைக்குப் பிறகு. சிரித்தபின் செசிலி படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் சாமியார் பங்களா. அவர் ஊரில் இல்லை. கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் சொல்ல எனக்குச் சம்மதமில்லை. நாளை மறுபடி.

மாலை செ.மணி. 5 முதல் 8.

ஐந்தாம் பக்கம் பேரைப் பற்றி. நாம் இனிஷியலாகப் போடும் அப்பா பேரை அங்கே குடும்பப் பேராக எழுதிக்கொள்கிறார்களாம். வகுப்பில், ஆஸ்பத்திரியில், தபாலில், எங்கும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "முதல் வாரம் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவீர்கள். பிறகு பழகிவிடும். நாள் முழுக்க அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், நீங்கள்தான் எழுந்து போக வேண்டும்."

செ.மணிக்கு ஒரே பெருமை. "அங்க போயி செல்வமணி செல்வமணின்னு வெள்ளக்காரன் கத்துவானா! என் பொண்டாட்டிகிட்ட சொல்லணும்ணே, அவ ஒரு நாளும் பேர் சொன்னதில்ல."

எட்டாம் பக்கம். அறையில் உள்ள ஃப்ரிட்ஜ் பழசாக இருக்கும். அறையைப் பொறுப்பெடுக்கும் முன் ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் செத்துவிட்டது என்று பொருள். அன்றே எழுதிக் கொடுங்கள்.

அங்கே நிறுத்தினேன். ஐஸ் ஆலையில் குளிர் அறைக் கதவுக்கு நான் செய்வது அது. பள்ளிக்கூடம் விட்டு ஆலைக்கு வரும் ரீட்டா தன் கணக்கு நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுப்பாள். "ரப்பர் செத்துருச்சாப்பா?" என்பாள். செத்துவிட்டது என்று நான்தான் சொல்லிப் பழக்கியது.

செ.மணி: "என்னண்ணே, கண்ணாடி வேணுமா?"

"தொண்டை" என்றேன். தண்ணீர் குடித்தேன். முடித்தேன்.

யார் எழுதினால் என்ன. செ.மணிக்காகப் படிக்கிறேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 20, புதன்

சாமியாரைப் பார்த்தேன். பூசை உறுதி. "மகள் வர்றாங்களா?" என்றார். பூசை நேரத்தை இன்னொரு முறை சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கண்டன்சர் மாற்றியாயிற்று. மின்விசிறி ஓடுகிறது. செ.மணி கடலுக்குப் போயிருந்ததால் இன்று வாசிப்பு இல்லை. தாள்கள் என்னிடம்தான். முன்கூட்டிப் புரட்டவில்லை. புரட்டமாட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கயலும் வந்தாள். 9 முதல் 12.

பத்தாம் பக்கம்: அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். மார்ச் கடைசியில் மறுபடி முன்னுக்கு. ஊரில் யாருக்கும் இது தெரியாது. "நான் ஞாயிறு காலைப் பூசை முடிந்து, சரியாகப் பத்து மணிக்கு வீட்டுக்குக் கூப்பிடுவேன். அது ஊரில் ஒன்றரை. குளிர்காலத்தில் இரண்டரை. முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அலட்சியம் என்று நினைத்துக்கொள்வார்கள்."

கயல் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "ஆமா பெரியப்பா, சரியாத்தான் வருது."

பன்னிரண்டாம் பக்கம். தலைப்பு: வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தால். முதல் மூன்று வரி மனதுக்குள் படித்தேன்.

"இந்தப் பக்கம் மங்கலா விழுந்திருக்கு. எழுத்தே தெரியல" என்றேன்.

"எல்லாம் ஒரே மெஷின்லதானேண்ணே எடுத்தது."

"தெரியலங்கிறேன்ல."

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு உரிய 13ஐயும் 14ஐயும் சேர்த்தே படித்துவிட்டேன். குளிர் உடுப்பு. அழுகை வந்தால் பல்கலைக்கழகத்தில் பேச ஆள் உண்டு, வெட்கப்படாமல் போங்கள். செ.மணி தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாள்களை வாங்கிக்கொண்டு போனார்கள், பதின்மூன்று தாள்.

அவர்கள் போனபின் முழுதும் படித்தேன். இங்கே பார்த்து எழுதுகிறேன்:

"இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையைப் புதுப்பிக்க மனுப் போட்டு, புது அட்டை கைக்கு வராத நாட்களில் ஊருக்குக் கிளம்பாதீர்கள். மனு வந்து சேர்ந்தது என்ற சீட்டை வைத்து இங்கே தங்கலாம், வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது. நீட்டிப்புச் சான்று என்று ஒன்று உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். மனுப் போட்ட அன்றே கேளுங்கள். அவசரம் என்றால் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் பிரிவில் சொல்லுங்கள், அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். எனக்கு இது தெரியாது. அம்மா இறந்த அன்று பையோடு விமான நிலையம் போனேன். கவுண்டரில் சொன்னார்கள். விமானம் போகும்வரை அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். படிப்பு போனால் போகட்டும் என்று ஏறியிருக்கலாம். முந்தின வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா, 'எனக்கு எது ஆனாலும், அப்பா கோவத்துல என்ன சொன்னாலும், படிப்ப விட்டுட்டு வந்துடாத' என்று சொல்லியிருந்தார்கள். ஏறவில்லை. சரியா தப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. நீங்கள் யாரும் அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம். சான்றைக் கேளுங்கள்."

இவ்வளவுதான். என்னைப் பற்றிக் குறையாக ஒரு சொல் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கல்லறைக்குப் போய் வெள்ளை அடித்தேன். காற்றில் பாதி என் மேல்.

அன்றைக்கு நடந்ததை நான் எழுதி வைத்ததே இல்லை. வாடகைக்கு வந்த ஃப்ரீசர் பெட்டியில் செசிலி. பெட்டியின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் தடுத்தும் பின்பக்கம் கழற்றித் தூசி எடுத்து நானே சரி செய்தேன். "இன்னும் ரெண்டு நாள் தாங்கும், பிள்ளை வந்துடுவா" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். முப்பது வருஷம் ஊர் மீனைக் கெடாமல் காத்தவன், என் வீட்டுக்காரியை இரண்டு நாள் காக்கமாட்டேனா.

பிறகு ரீட்டா கூப்பிட்டாள். நான் கேட்டது: வர முடியுமா முடியாதா, ஒரே வார்த்தை சொல்லு.

"முடியலப்பா, அது வந்து..."

"வந்து" வரைக்கும்தான் கேட்டேன். இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்று மாலையே அடக்கம். பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி தாண்டாதவன். மகள் பேச்சில் பாதிக்கு மேல் கேட்கவில்லை.

செசிலிக்கும் தெரிந்திருக்கிறது, நான் என்ன சொல்வேன் என்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு என்னிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். எப்போது பேசினாளோ.

பன்னிரண்டாம் பக்கம் இன்னும் என் பையில். கயலுக்கு அது இல்லை. நாளைக் காலை வேன்.

ஆகஸ்ட் 23, சனி

திருநள்ளாறு போகும் வண்டிகளால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நெரிசல். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். கிளம்பியிருப்பார்களோ என்று பயம். வேனில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கயலைத் தனியே கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. நான்தான் படிக்கல. இதுல சொல்லியிருக்கிற சான்றை மனுப் போட்ட அன்னிக்கே கேட்டுடு. மறந்துடாத."

அவள் பார்த்தாள். "இது எனக்கு மனப்பாடம் பெரியப்பா. போன்ல இருக்கு. ரீட்டா அக்காதானே அனுப்பிச்சாங்க."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாதான் ஜெராக்ஸ் எடுத்துக் குடுன்னாங்க."

செ.மணி வேனுக்கு அந்தப் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார், அவிழ்ந்திராத கயிற்றை.

"ஏய்யா, எம்மேல வலை வீசியிருக்க" என்றேன்.

"நீங்க ஒண்ணையும் விடமாட்டீங்கன்னு நெனச்சேண்ணே. ஒரு பக்கத்த விட்டீங்க பாருங்க, அப்பதான் உள்ள போயிருச்சுன்னு தெரிஞ்சுது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகள் வேனில் ஏறியதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கயல் தாளைத் திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காற்று இல்லை. புழுக்கம். நடைப்பயணிகள் கூட்டம் அதிகம். இன்று எலுமிச்சம்பழம் பிழிந்தேன். உப்பு கூடிவிட்டது.

அவள் அடிக்கும்வரை காத்திருந்து எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தப்பு என் பக்கம் என்றால் நான்தான் கூப்பிட வேண்டும். 1.05க்கு அவள் எண்ணைப் போட்டேன். இந்தப் போனிலிருந்து ஒரு வருஷத்தில் முதல் முறை.

எடுக்கவில்லை. அங்கே பூசை நேரம் என்பது பிறகுதான் உறைத்தது. அடித்து அடித்து நின்று, அவள் குரல். பதிவு செய்து வைத்தது. பிரெஞ்சு. ஒன்றும் புரியவில்லை. நடுவில் ஒரே ஒரு சொல் புரிந்தது: சவரிமுத்து. என் பேர். அதை நிறுத்தி, நிதானமாகச் சொல்லியிருக்கிறாள்.

பிறகு பீப் என்று ஒரு சத்தம். அதன்பின் அமைதி. நான் பேச வேண்டும் போல.

சொன்னது: "அப்பா பேசுறேன். புதன்கிழமை அம்மாவுக்கு வருஷப் பூசை. சாயங்காலம் ஆறு மணி. உனக்கு எத்தன மணின்னு பாத்துக்க." மன்னிப்பு என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. வெளியே வந்தது, "அட்டை வந்துடுச்சா?" அதற்குள் துண்டித்துவிட்டது.

போனை மேசை மேல் வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்தை அதன் அடியில். மின்விசிறிக் காற்றில் ஓரம் படபடக்கிறது.

மணி 1.28.