உருளைக்கிழங்கு முத்திரை குறித்து என்மீது நானே கொடுக்கும் புகார்

அனுப்புநர்:
அ. ஜாஹிதா (வயது 16),
த/பெ. அப்துல் குத்தூஸ்,
குடை, மெழுகுவர்த்திக் கடை,
நாயுடுபுரம், கொடைக்கானல்,
மதுரை ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு வேலைவாய்ப்பு அதிகாரி அவர்கள்,
மதுரை.

பொருள்: என் அண்ணன் அ. அமானுல்லாவின் பெயர் வேலை தேடுவோர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது – அதற்குக் காரணமானவர்மீது புகார் – பெயரை மீண்டும் சேர்க்க வேண்டுதல்.

பார்வை: தங்கள் அலுவலகக் கார்டு, நாள் 29-7-1963.

புகார்தாரர்: அ. ஜாஹிதா.
எதிரி: மேற்படியார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தப் புகாரில் குற்றம் சாட்டுபவளும் நான், செய்தவளும் நான். விசாரணைக்குத் தாங்கள் இரண்டு நாற்காலி போட வேண்டியதில்லை. விளையாட்டுக் கடிதம் என்று ஓரமாக வைத்துவிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து அப்படிப் பழகிவிட்டது. விஷயம் அப்படிப்பட்டதல்ல.

2. என் அண்ணன் 1958இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். மறுவருடம் டைப்ரைட்டிங் லோயர் தேறி, ஜூன் மாதம் தங்களிடம் பெயரைப் பதிந்தார். அன்றிலிருந்து நான்கு வருடமாக, வேலை தேடும் வேலையை லீவு போடாமல் பார்த்துவருகிறார். ஒரு காலி இடம் என்றால் முந்நூறு பேர் நிற்கிறார்கள். "அனுபவம் உண்டா?" என்று கேட்கிறார்கள். உண்டு, அப்படிக் கேட்கப்பட்ட அனுபவம் பதினோரு முறை உண்டு. சிபாரிசு உண்டா என்பதை வாயால் கேட்பதில்லை, பார்வையால் கேட்பார்களாம். சிபாரிசும் அரிசியும் ஓசையில் ஒட்டிப் பிறந்தவை. எங்கள் வீட்டில் இரண்டும் அளவாகத்தான் இருக்கின்றன.

3. அவர் சோர்ந்துபோகிறவர் அல்லர். வீட்டில் டைப் மெஷின் கிடையாது. விரல் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று தினமும் வெள்ளனே எழுந்து, கடையில் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் ஒரு மணி நேரம் டைப் அடிப்பார். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். பக்கத்துக் கடை நாச்சிமுத்து, "என்ன அமானு, இன்னிக்கு யாருக்கு லெட்டரு?" என்று கேட்பார். "கலெக்டருக்குத்தாண்ணே, இந்த மலைய என் பேருக்கு எழுதிக் குடுக்கச் சொல்லி" என்பார் அண்ணன். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால் பழைய ஸ்வெட்டரோடு பஸ் ஏறுவார். தேய்த்த வெள்ளைச் சட்டை மடியில் பையில் இருக்கும். வளைவு வளைவாக மலை இறங்கும்போது யார் எப்போது வாந்தி எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. வத்தலக்குண்டில் இறங்கித்தான் சட்டை மாற்றுவார். பதினோரு முறையும் அப்படித்தான் போனார்.

4. என் முதல் குற்றம் 1961இல் நடந்தது. "குறிஞ்சிப் பூ எண்ணும் அதிகாரி பதவிக்குத் தங்களைத் தேர்வு செய்திருக்கிறோம்" என்று ஒரு தபால் கார்டு எழுதி உள்ளூர்ப் பெட்டியில் போட்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வேலை, அடுத்த எண்ணிக்கை 1970இல், அதுவரை சும்மா உட்காரத் தெரிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனையும் எழுதியிருந்தேன். அண்ணன் முதல் வரியைப் படித்துவிட்டு, "அம்மா, எடுத்துட்டாங்க!" என்று கத்தினார். இரண்டாவது வரிக்கு வந்ததும் சிரித்துக்கொண்டே குடையை எடுத்து என்னைத் துரத்தினார். வீடே சிரித்தது. ஆனால் முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில் அவர் முகம் இருந்த இருப்பை நான் மட்டும் பார்த்துவிட்டேன். அந்த முகம் இன்னொரு தடவை வேண்டும் என்று ஆசைப்பட்டதுதான் இரண்டாவது குற்றத்துக்குக் காரணம்.

5. இரண்டாவது குற்றம் கடுமையானது. பள்ளங்கி கிராமத்து உருளைக்கிழங்கைப் பாதியாக அறுத்து, கத்தி முனையால் மூன்று சிங்கம் வெட்டி, கடை மைப்பெட்டியில் ஒற்றி, அரசாங்க முத்திரை செய்தேன். கார்பன் தாள் வைத்து எழுதினால் அச்சு அசல் அலுவலகக் கார்டு மாதிரியே வரும். "தங்கள் பதிவு பரிசீலனையில் உள்ளது. மனம் தளர வேண்டாம்" என்று எழுதி, கிழங்கு லாரி ஓட்டும் மயில்சாமி அண்ணனிடம் கொடுத்து மதுரைத் தபால் பெட்டியில் போடச் சொன்னேன். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர்மீது தவறில்லை. முதல் கார்டு வந்ததும் அண்ணன் என்னைத்தான் சந்தேகித்துக் கேட்டார், நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். ஒன்றரை வருடத்தில் ஏழு கார்டு போனது. ஒரு கிழங்கு இரண்டு கார்டுக்குத்தான் தாங்கும். வற்ற வற்ற அரசாங்கம் சிறுத்துக்கொண்டே போகும். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. ஏழையும் சர்டிபிகேட் பைலில் வரிசையாக வைத்திருந்தார். கார்டு வந்த மறுநாளெல்லாம் டின் சத்தம் கொஞ்சம் வேகமாகக் கேட்கும்.

6. இந்த மே மாதம், ஒளித்துவைத்த கிழங்கை என் தாயார் ஆமினா தெரியாமல் ஆணத்தில், அதாவது குழம்பில், அரிந்து போட்டுவிட்டார். ஆணம் ஊதாவாகக் கொதித்தது. ஒரு துண்டில் சிங்கத்தின் கால் இருந்தது. அன்றும் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அண்ணன்தான். சிரித்து முடித்துவிட்டு, பைலைத் திறந்து ஏழு கார்டையும் எடுத்து என் கையில் கொடுத்தார். "மனம் தளர வேண்டாம்னு எந்த ஆபீசுலயாவது எழுதுவாங்களா? அங்கயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கையெழுத்து நல்லா இருக்கு புள்ள, உனக்கு வேல கெடைச்சிரும்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

7. ஜூலை 16ஆம் தேதி தங்களுடைய உண்மையான கார்டு வந்தது. பெரியகுளத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை, மறுநாள் காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. மலைப்பாதையில் மண் சரிந்து தபால் ஒரு வாரம் கீழேயே தங்கியதால் கார்டு தாமதமாக வந்தது. மழையில் நனைந்து முத்திரையும் கலங்கியிருந்தது. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏ ஜாஹி, கெழங்க மாத்திட்டியா? சிங்கமெல்லாம் சளி பிடிச்சு நிக்குது" என்றார். நான் இல்லை என்றேன். "முந்தியும் இல்லேன்னுதான் சொன்ன" என்றார். சத்தியம் செய்தேன். அதுவும் முந்திச் செய்த சத்தியம்தான். மழையோடு ஓடிப்போய்த் தபால்காரர் திருமலைச்சாமியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். "நெசந்தான் தம்பி, மதுர தபால் கட்டுல வந்துச்சு" என்றார் அவர். "மதுர கட்டுல இதுக்கு முந்தி ஏழு வந்துச்சுண்ணே. இப்ப நீங்களும் இவ கட்சியா?" என்று கேட்டு அண்ணன் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார். "வெளாட்டுக்கும் ஒரு எல்ல இருக்கு" என்று என் தந்தை என்னைத்தான் அதட்டினார்.

8. மறுநாள் முதல் பஸ் அண்ணன் இல்லாமலே போய்விட்டது. மனது கேட்காமல் தந்தை பத்தரை மணிக்குக் கார்டைத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவிடம் காட்டினார். அசல் என்று அவர் சொல்லிவிட்டார். அண்ணனிடம் வந்து அதைச் சொல்லத் தந்தைக்கு வெகுநேரம் பிடித்தது. வராத காரணத்தை உடனே எழுதிப் போடச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சினேன். "என்னன்னு எழுத? கெழங்குன்னா?" என்று கேட்டார். ஆகஸ்டு 2ஆம் தேதி, அழைத்தும் வராததால் பெயர் நீக்கப்பட்டது என்ற தங்கள் அடுத்த கார்டு வந்தது. அதை அவர் திருப்பிப் பார்க்கவில்லை. முத்திரையைச் சோதிக்கவில்லை. படித்தவுடன் நம்பிவிட்டார். இல்லை என்று வரும் கார்டை மட்டும் யாரும் போலி என்று சந்தேகிப்பதில்லை, ஐயா.

9. இப்போது காலையில் டின் சத்தம் கேட்பதில்லை. "உடம்புக்கு முடியலியா?" என்று நாச்சிமுத்து நேற்று விசாரித்தார். அண்ணன் கடையில் குடைக்குத் துணி தைக்கிறார், வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுகிறார், என்னிடமும் கோபமில்லாமல் பேசுகிறார். வெள்ளைச் சட்டையை வீட்டில் போட்டுக்கொண்டு திரிகிறார். அது கசங்குகிறது. வயது இருபத்து மூன்று. இன்னும் இரண்டு வருடத்தில் அரசாங்க வேலைக்கு வயது தாண்டிவிடும். புதிதாகப் பதிந்தால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். நான்கு வருடம் நின்ற இடத்தை அவர் விட்டுப் போகவில்லை, நான்தான் தள்ளிவிட்டேன்.

10. ஆகையால், 1959 ஜூன் பதிவு மூப்போடு அண்ணனின் பெயரைத் திரும்பச் சேர்க்கும்படி வேண்டுகிறேன். அரசாங்க முத்திரையைப் போலியாகச் செய்ததற்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுக்கலாம். ஏழு கார்டுகளையும் சாட்சியத்துக்காக இத்துடன் இணைத்திருக்கிறேன்.

11. கடைசியாக ஒன்று. பெயரைச் சேர்த்துவிட்டோம், வந்து பார் என்று தாங்கள் கார்டு போட்டால் அவர் வரமாட்டார். நல்ல சேதி எதையும் இனி அவர் நம்புவதாக இல்லை. தன் காரியத்துக்காகப் பஸ் ஏறும் தெம்பும் இப்போது அவரிடம் இல்லை. எனவே என்மீதுள்ள இந்தப் புகாரை விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, அண்ணனைச் சாட்சியாக அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அழைப்பைத் தபாலில் அனுப்பாமல் தாலுகா ஆபீஸ் சேவகர் கையில் கொடுத்தனுப்பவும். தங்கச்சி வழக்கில் மாட்டிக்கொண்டாள் என்று தெரிந்தால் அவர் முதல் பஸ்ஸில் ஏறுவார். எனக்காக வாதாட வருவார். அப்படி வந்து நிற்கும்போது, ஐயா, என்னை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். முதலில் அவரைத் தங்கள் அலுவலக மெஷின்முன் உட்காரவைத்து ஒரு பக்கம் டைப் அடிக்கச் சொல்லுங்கள்.

இடம்: கொடைக்கானல்
நாள்: 5-8-1963

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
அ. ஜாஹிதா
(முத்திரை இல்லை. கையெழுத்து மட்டும்.)

இணைப்பு: போலிக் கார்டுகள் – 7.