பட்டாணிக்குக் கிடைக்காத இடமும் நான் அளந்த தூரமும்

அன்பு மகளுக்கு,

உன் சித்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான், மாப்பிள்ளை, உன் மகள் பட்டாணி ஆகிய மூன்று ஜீவன்களும் ஒன்றரை அறைக்குள் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டு சௌக்கியம். அங்கே நீயும் உன் முதுகுவலியும் இன்னும் சேர்ந்துதான் இருக்கிறீர்களா, இல்லை பிரிந்துவிட்டீர்களா என்று அடுத்த முறை மறக்காமல் சொல். கண்ணாடி வில்லை தேய்க்கிற தொழிற்சாலையில் உட்கார்ந்து ஊர்ப்பட்ட குருடர்களுக்கெல்லாம் பார்வை கொடுக்கிறாய், உன் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. போன் இருக்கும்போது இந்தக் கிழவன் எதற்குக் காகிதத்தைக் கெடுக்கிறான் என்று நினைப்பாய். போன் மாப்பிள்ளை கையில் இருக்கிறது, பேசினால் ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார், இந்த வீட்டில் ஒருவன் தும்மினால் இன்னொருவன் மூக்கைத் துடைக்க வேண்டும், அவ்வளவு நெருக்கம். நான் சொல்லப்போவதை நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டைப் பற்றி நீ கேட்கும்போதெல்லாம் மாப்பிள்ளை, நல்லாத்தான் இருக்கு என்கிறாரே, அது பொய். கீழே சலவைக்கடை. காலை ஆறு மணிக்கு அங்கே கொதிகலன் மூச்சுவிட ஆரம்பித்தால் எங்கள் தரை வழியாக ஆவி கிளம்பும். போட்டிருக்கிற சட்டை உடம்பிலேயே இஸ்திரி ஆகிவிடும், உள்ளே இருக்கிற ஆள்தான் கசங்கிப்போவான். ஒரு அறையில் அப்பாவும் மகளும். மின்சார மீட்டர் இருக்கிற நடைபாதைதான் அரை அறை, அதுவே என் அரண்மனை. நான் காலை நீட்டினால் வாசற்கதவு திறக்காது, கதவு திறந்தால் எனக்குக் கால் கிடையாது. மாப்பிள்ளைக்கு வேலைக்குப் போக முன்பு ஒரு பஸ், இப்போது இரண்டு பஸ், ஒரு ஓட்டம். நாள் முழுக்க அடுத்தவன் வீட்டு லிஃப்டைப் பழுதுபார்த்துவிட்டு வந்து, நம் வீட்டு நாற்பத்திரண்டு படியைப் பார்த்துக் கீழேயே ஐந்து நிமிடம் நிற்பார். பட்டாணிக்கு இங்கே ஒரு சிநேகிதி கிடையாது. பழைய வீட்டில் எதிர்க் கதவு திறந்தால் ஒருத்தி இருந்தாள், இரண்டும் எந்நேரமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், நினைவிருக்கும் உனக்கு.

இத்தனையும் எதற்கு? தேர்வு வைத்துப் பிள்ளை எடுக்கிற அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் பட்டாணிக்கு ஒரு இடம் வேண்டும் என்பதற்கு. முதலில் தேர்வில் தேற வேண்டும், தேறியவர்களில் வீடு பள்ளிக்குக் கிட்ட இருக்கிறவர்களுக்கு முன்னுரிமை, நூற்றிருபது இடம் நிறைந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். விண்ணப்பத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளை, ஆபீஸ்ல போய் தூரத்த எப்படிக் கணக்கு எடுப்பாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடட்டுமா மாமா என்றுதான் சொன்னார். இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள், அவர் கேட்கப் போகிறேன் என்றார். தடுத்தவன் நான். முப்பத்தொரு வருஷம் இந்த ஊர் பஸ்ஸை ஓட்டினவன் இங்க சிங்கம் மாதிரி உக்காந்திருக்கேன், தூரம் அளக்க ஆபீஸுக்குப் போறீங்களா மாப்பிள்ளை, இந்த ஊர்ல ஒவ்வொரு பள்ளமும் எனக்குச் சொந்தக்காரன் என்று மார் தட்டினேன். பழைய வீட்டிலிருந்து மேம்பாலம் சுற்றிப் பள்ளிக்கு ஏழு கிலோமீட்டர், இந்தச் சலவைக்கடை மாடியிலிருந்து இரண்டே முக்கால். என் பஸ்ஸில் கூட ஓடின பழைய கண்டக்டரின் ஸ்கூட்டரை வாங்கி இரண்டு முறை ஓட்டி மீட்டர் பார்த்துச் சொன்னேன். சக்கரவர்த்தி தீர்ப்பு சொன்ன மாதிரி சொன்னேன். அடுத்த வாரமே மூட்டை கட்டினோம். மொட்டை மாடியோடு இருந்த அந்த வீட்டுக்கு ஒரு தையற்காரர் குடும்பம் வந்தது.

பட்டாணி அந்தப் புழுங்குகிற ஆவியில் படித்தாள். நோட்டுப் பக்கம் நனைந்து ஒட்டிக்கொள்ளும், விரல் நகத்தால் பிரித்துப் பிரித்துப் படித்தாள். தேர்வு எழுதினாள். பிறகு மாப்பிள்ளை போனுக்கு ஒரே வரி வந்தது, இடம் ஒதுக்கப்படவில்லை என்று. தேறினாளா, தவறினாளா, ஒன்றும் இல்லை, அந்த ஒரு வரிதான். மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு அவளைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன். அவர் கெட்டவர் இல்லை, தினம் நான்கு மணி நேரம் பஸ்ஸில் நிற்கிறவர். இவ்வளவு பண்ணியும் ஃபெயிலாயிட்டியே என்றார். அப்புறம் நீயும் போனில் பேசினாய். அம்மா இவ்வளவு தூரத்துல கெடந்து சாகறேனே, அதுக்காவது படிச்சிருக்கக் கூடாதா என்று நீ கேட்டது ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது, கீழே சலவைக்கடைக்காரனுக்கும் கேட்டிருக்கும்.

பத்து நாள் கழித்துத் தையற்காரர் வந்தார். கையில் இனிப்புப் பெட்டி, முகத்தில் ஊரையே விலைக்கு வாங்கின சிரிப்பு. பையனுக்கு அதே பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதாம். உங்க வீட்டு ராசிதாங்க, அந்த வீட்டுக்குள்ள கால வச்ச நேரம் என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார், நாற்பத்திரண்டு படி ஏறி வந்து குலுக்கினார், வேண்டாம் என்று ஒரு படிகூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை பெட்டியை வாங்கிப் பட்டாணியிடம் நீட்டி, தின்னு, படிச்ச புள்ளை வீட்டுது என்றார். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள், தையற்காரர் போகிற வரைக்கும் மென்றாள், விழுங்கவில்லை.

எனக்கு அன்று ராத்திரி முழுக்க ஒரே குடைச்சல். ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனுக்கு இடம், இரண்டே முக்காலில் இருக்கிற நமக்கு இல்லை. பையன் அவ்வளவு பெரிய மேதையா என்று மறுநாள் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பட்டாணியின் எண்ணைச் சொன்னதும் கம்ப்யூட்டரைப் பார்த்து, நல்ல மார்க்காச்சே பெரியவரே, தொள்ளாயிரம் பேர்ல நாற்பத்தொண்ணாவது என்றார். அந்தத் தையற்காரர் மகன் முந்நூற்றுச் சொச்சமாம். பிறகு அவர் சுவரில் இருந்த ஊர் வரைபடத்தில் ஒரு அடிக்கோலை வைத்தார். பள்ளிக்கும் நம் பழைய வீட்டுக்கும் நடுவில் இருப்பது சரக்கு ரயில் யார்டு மட்டும்தான், ஆனால் கடக்க வழி கிடையாது, அதனால்தான் ரோடு அப்படிச் சுற்றும். அடிக்கோல் சுற்றவில்லை. தண்டவாளத்துக்கு மேலே நேராகப் படுத்துக்கொண்டது. ஒன்று புள்ளி ஒன்பது கிலோமீட்டர். இந்தச் சலவைக்கடையிலிருந்து நேர்கோட்டில் இரண்டு புள்ளி ஆறு. இந்த வருடம் கடைசி இடம் போனது இரண்டு புள்ளி மூன்றில். நாங்க நேர்கோடுதான் பாப்போம், ரோட்ட யாரு பாத்தா, புள்ளைய நீங்க பஸ்ல கொண்டு வந்தா என்ன, றெக்க கட்டி விட்டா எங்களுக்கென்ன என்றார், சொல்லிவிட்டு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். மறுபடி விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். ஆறாம் வகுப்பில் மட்டும்தான் சேர்ப்பார்களாம், பட்டியல் மூடிவிட்டதாம். பழைய வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது அந்தப் பள்ளி மணி அடிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்கும் மகளே. எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்தால்தானே கேட்கும் என்று இந்த மூளைக்கு ஒரு நாளும் தோன்றவில்லை, ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றையும் நம்பாத மூளை.

ஆக, நாம் அசையாமல் சும்மா இருந்திருந்தால் அவளுக்கு இடம் கிடைத்திருக்கும். நான் அவளை அந்த இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்து ஆவியில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கவில்லை. பதினோரு நாள். உன்னைப் பெற்றவன் என் அண்ணன், அவன் போன பிறகு வளர்த்தவன் நான், ஆனால் இது மாப்பிள்ளை வீடு, நான் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிற ஆள், வெளியே போங்க மாமா என்று ஒரு சொல் போதும். அந்தப் பயம்தான். மாப்பிள்ளை தினம் காலை ஐந்து மணிக்கு அவளை எழுப்பிப் பழைய கேள்வித்தாளைக் கொடுத்து எழுத வைப்பார். இனி எழுத அந்தத் தேர்வே அவளுக்குக் கிடையாது, தண்டனையாக எழுத வேண்டும். நான் நடைபாதையில் படுத்துக்கொண்டு தூங்குவது மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் சலவைக்கடைக்காரர் பெண்சாதி, நீ எந்தப் பள்ளிக்கூடம் பாப்பா என்று கேட்டதற்கு, நான் ஃபெயிலு ஆன்ட்டி, பக்கத்து ஸ்கூல் என்று பேர் சொல்வது மாதிரி சொன்னாள்.

அன்றைக்குப் படிக்கட்டிலேயே உட்கார வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள், சின்னத்தாத்தா பாவம் என்பாள் என்று எதிர்பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன். அவள் இரண்டு தடவை எண்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு, அப்பாகிட்ட நீங்க சொல்லாதீங்க தாத்தா, நானே சொல்லிக்கறேன், எனக்கு எப்ப வேணுமோ அப்ப என்றாள். பதினோரு வயசு. அந்த முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

அதிலிருந்து இங்கே நடப்பது பட்டாணி ராஜ்ஜியம். அவள் பையை நான் சுமக்கிறேன், அவள் வீட்டுப்பாடத்தை என் நடுங்குகிற கையால் எழுதுகிறேன், பென்சில் கூர் சரியில்லை என்று நாற்பத்திரண்டு படியையும் மூன்று தடவை இறங்கி ஏறியிருக்கிறேன், என் முழங்கால் இரண்டும் என்னை விட்டுவிட்டுத் தனியே போய்விடலாமா என்று பேசிக்கொள்கின்றன. இதெல்லாம் எனக்குச் சிரிப்புதான், வேண்டியதுதான். போன புதன்கிழமை மாப்பிள்ளையின் சவரக் கண்ணாடியை அவள் உடைத்தாள். கை தவறி இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டே கீழே விட்டாள். மாப்பிள்ளை வந்ததும், தாத்தா உடைச்சிட்டாருப்பா என்றாள். நான் ஆமாம் என்றேன். அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். அவருக்குப் பின்னால் நின்று அவள் என்னைப் பார்த்தாள், நான் பதினோரு நாள் அவளைப் பார்த்த மாதிரியே.

அதனால் முடிவு செய்துவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர எட்டு நாள் ஆகும். அதற்குள் வருகிற சனிக்கிழமை மாப்பிள்ளையிடம் என் வாயாலேயே சொல்லிவிடுவேன். அவர் போகச் சொன்னால் போவேன், கண்டக்டர் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, அதில் கால் நீட்டலாம் என்கிறான், அது ஒன்றே எனக்குப் பெரிய மாளிகை. அவருக்காக நீ என்னிடமோ, எனக்காக அவரிடமோ பரிந்து பேச வேண்டாம். இன்று காலை பட்டாணியிடமும், சனிக்கிழமை சொல்லப்போகிறேன் என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பல் துலக்கிக்கொண்டிருந்தவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, நீங்களே சொல்லிட்டா அப்புறம் என்கிட்ட என்ன தாத்தா இருக்கும் என்று கேட்டாள். நான் அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

முதுகைப் பார்த்துக்கொள், வேலை நேரத்தில் கண்ணை அடிக்கடி மூடித் திற, வாரம் ஒரு நாளாவது வயிறு நிறையச் சாப்பிடு. நூறு வருஷம் வலி இல்லாத முதுகோடு, குறையில்லாமல் நீ வாழ வேண்டும், அதில் ஒரு ஐம்பதாவது நம் எல்லோருக்கும் பக்கத்தில் வந்து வாழ வேண்டும் என்று இந்தக் கிழவன் வாழ்த்துகிறான். மறக்கக் கூடாதது ஒன்றுதான். இதைப் படித்ததும் போன் செய். யார் எடுத்தாலும் முதலில் பட்டாணியைக் கொடுக்கச் சொல். என்னைத் திட்டுவது, மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அப்புறம். தொள்ளாயிரம் பேரில் நாற்பத்தொன்றாவதாக வந்திருக்கிறாள், நீ பாஸ் என்று அவளிடம் சந்தோஷமாக இன்னும் ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் அன்றைக்குத் தூரத்தைத்தான் பெரிதாகச் சொன்னேன். உடனே பேச மாட்டாள், லைனை வெட்டினாலும் வெட்டுவாள். திரும்பக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்